பயிற்சி எண் பதினாறு: தங்கையின் குரல்

எங்கள் சபையில் சோதனைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவற்றில் ஓர் ஒழுங்கு இல்லையே என்பதுதான் பெரியவர்களின் கவலை. ஒருவருக்கு வருஷம் முழுக்க ஒன்றும் வராது, இன்னொருவருக்கு ஒரே வாரத்தில் நாலு வரும். எது பிசாசின் வேலை, எது வெறும் அசதி என்று பிரித்துச் சொல்லவும் ஆளில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் வஞ்சகத் தடுப்புக் குழு தொடங்கப்பட்டது. நான் அதன் எழுத்தர்.

குழுத் தலைவரை எல்லோரும் மேலாளர் என்றே கூப்பிடுவோம். ஒரு பெரிய நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்புக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பார்த்த வேலை விசித்திரமானது. சொந்த ஊழியர்களுக்கே பொய் மின்னஞ்சல் அனுப்புவார். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்று இருக்கும். அழுத்தினவன் மாட்டினான். அவனை ஓர் அறையில் உட்கார வைத்து வகுப்பு எடுப்பார்கள். இப்படி ஏமாற்றி ஏமாற்றியே ஏமாறாத ஊழியர்கள் இரண்டாயிரம் பேரை உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவர் மனைவி ஒருவர்தான் இருந்தார், அவரும் எதற்கும் ஏமாறுகிறவராக இல்லை. மேலாளருக்குக் கை பரபரத்தது.

"ஒரு கம்பெனி தன்னோட ஃபைலைக் காப்பாத்த இவ்வளவு செய்யுது. ஆத்துமாவைக் காப்பாத்த நாம என்ன செய்யறோம்? பிசாசு அனுப்பறதுக்கு முன்னாடி நாமளே அனுப்பிப் பார்த்துடணும்" என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினார். தலைமைப் போதகர் ஆமென் சொன்னார். சபை ஆமென் சொன்னது. நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஆனால் இருபது வருஷமாகச் சபை நாடகங்களை எழுதி வந்தவன். என் நாடகங்களில் சாத்தான் பேசுகிற வசனம் மட்டும்தான் நன்றாக இருக்கிறது, பரிசுத்தவான்கள் எல்லாரும் தூங்கி வழிகிறார்கள் என்று ஒரு புகார் நெடுநாளாக இருந்தது. அந்தப் புகாரே இப்போது எனக்குத் தகுதிச் சான்றிதழ் ஆகிவிட்டது.

விதிமுறைகளையும் நான்தான் எழுதினேன். ஒவ்வொரு விசுவாசிக்கும் அவருக்குத் தெரியாமல் அவ்வப்போது ஒரு பயிற்சிச் சோதனை அனுப்பப்படும். கண்டுபிடித்து எதிர்த்து நின்றால் பத்துக்குப் பத்து. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் போட வேண்டும். விழுந்தால் மஞ்சள் கடிதம், விசாரணை, வகுப்பு. ஒரே வருஷத்தில் மூன்று தடவை விழுந்தவருக்கு அடுத்த ஒரு வருஷம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது.

முதல் பயிற்சி, பெஞ்சில் யாரோ விட்டுப்போன கைப்பேசி. ஏழு பேர் எடுத்தார்கள். ஏழு பேரும் நேராக அலுவலகத்துக்கு வந்து உரியவரிடம் சேர்க்கச் சொல்லி ஒப்படைத்தார்கள். ஏழு பேருக்கும் மஞ்சள் கடிதம் போனது. "எடுத்தவன் எடுத்தவன்தான். உள்ள நோக்கத்துக்கெல்லாம் மார்க் போட முடியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

அடுத்தது பாடகர் குழு. ஆராதனை முடிந்ததும் வெளியூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு பாடகரையும் தனியே பார்த்து, உங்கள் குரலைக் கேட்டுத்தான் எனக்குக் கண்ணீர் வந்தது, மற்றவர்கள் சுமார்தான் என்று சொன்னார். முப்பத்து நாலு பேரில் முப்பத்து மூன்று பேர் நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லாத ஒருவருக்கு இரண்டு காதும் மந்தம். அவருக்குப் பத்துக்குப் பத்து கொடுத்து அறிவிப்புப் பலகையில் போட்டோம். பிறகு வெள்ளை அங்கி போட்ட ஒரு போலித் தீர்க்கதரிசியை வீடு வீடாக அனுப்பினோம். உங்களுக்கு ஒரு பெரிய கதவு திறக்கப்போகிறது என்று மட்டும் அவர் சொல்வார். அறுபது வீடுகளில் விழுந்தார்கள், அதில் இரண்டு வீடு குழு உறுப்பினர்களுடையது. அவர்களுடையதை ஒத்திகை என்று பதிவு செய்துகொண்டோம். தலைமைப் போதகருக்கு மட்டும் பயிற்சி அனுப்பவில்லை. மேய்ப்பனைச் சோதித்தால் மந்தை குழம்பும் என்று அவரே ஆலோசனை சொல்லியிருந்தார்.

ஆறு மாதத்தில் சபை நன்றாகத் தேறிவிட்டது. யாராவது சிரித்துக்கொண்டே கை கொடுத்தால், இது எத்தனாவது பயிற்சி என்று கேட்டார்கள். ஒரு மனைவி தன் கணவருக்குப் பிறந்தநாள் பரிசு கொடுத்தார். அவர் அதைப் பிரிக்காமல் படிவத்தோடு சேர்த்து எங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தப் பொட்டலம் இன்றும் அலமாரியில்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபை வாசலில் செய்தித்தாள் விற்கிற பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். பதினோரு விசுவாசிகள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அன்று மாலைக்குள் பதினோரு படிவங்கள் வந்து சேர்ந்தன. பன்னிரண்டாவதாக வந்த ஆள்தான் அவருக்குத் தண்ணீர் தெளித்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆராதனையைத் தவறவிட்டவர். அந்த மயக்கம் நாங்கள் அனுப்பியது அல்ல, நிஜம். இருந்தாலும் அந்தப் பதினோரு பேருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தார் மேலாளர். சோதனை என்று நினைத்து எதிர்த்து நின்றார்களே, அந்த உள்ள நோக்கம்தான் முக்கியம் என்றார். பன்னிரண்டாவது ஆளுக்கு மதிப்பெண் இல்லை, அது சோதனையே இல்லையே. இரண்டு தீர்ப்பையும் நான் ஒரே குறிப்பேட்டில்தான் எழுதினேன்.

அந்தப் பன்னிரண்டாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கதை. அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பது இருக்கும். ஒன்பது கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் மிச்சம் இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்காருவார், ஏனென்றால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் அவர் கைப்பேசி அதிரும். பிரசங்கத்தின் நடுவே எழுந்து போய்விடுவார். போதகருக்கு அது பிடிக்காது. ஒருமுறை கேட்டபோது அவர் சொன்ன பதில் இது. "மணி அடிச்சாப் போயிடணும் ஐயா. நூத்துக்குத் தொண்ணூறு சின்னப் பசங்க விளையாட்டுக்கு அழுத்தறதுதான். ஆனா எது அந்தத் தொண்ணூறு, எது மிச்சம் பத்துன்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும்." மேலாளர் அவர் பெயருக்கு எதிரே, எளிதில் வஞ்சிக்கப்படக்கூடியவர் என்று குறித்துக்கொண்டார்.

அவருடைய முதல் வீழ்ச்சி உபவாசக் கூட்டத்தில் நடந்தது. வெளியே ஒரு கார் நின்றுவிட்டது, உதவி செய்ய முடியுமா என்று ஒருவர் வந்து கேட்டார். கேட்டவர் மேலாளரின் மைத்துனர், காரில் ஒரு கோளாறும் இல்லை. நம் ஆள் ஜெபத்தை விட்டு எழுந்து போய் முக்கால் மணி நேரம் அதைக் குடைந்தார். மைத்துனரின் அறிக்கையில், நபர் முழுமையாக விழுந்தார், கார் முன்பைவிட நன்றாக ஓடுகிறது என்று இருந்தது.

இரண்டாவது வீழ்ச்சியை எழுதியவன் நான். அதைச் சொல்வதற்கு முன் அவர் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. எட்டு வயது இளையவள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தலை பின்னி விடுவதிலிருந்து பரீட்சைக்குக் கூட்டிப்போவது வரை எல்லாம் இவர்தான். அவள் சபைக்கு வெளியே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சபை சொல்லிவிட்டது. இவர் போகவில்லை. அண்ணன் வருவான் என்று அவள் வாசலில் கடைசிவரை நின்றதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இவருக்குக் கூப்பிட வெட்கம், அவளுக்கு ரோஷம். நடுவில் இவர் மனைவியும் இறந்துபோனார். கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருவரும் சேர்ந்துதான் திருவிருந்து வாங்கினார்கள். அன்றிலிருந்து அந்த அப்பத்தை வாயில் வைக்கும்போது மட்டும் மனைவி பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னதுண்டு. ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

சபையில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. போதகர் மட்டுமே திறப்பார் என்று அதன்மேல் எழுதியிருக்கும். மேலாளர் குழுவின் பெயரில் இன்னொரு சாவி செய்துகொண்டார். "ஒருத்தன் எதுக்காக ஜெபம் பண்றானோ, அங்கதான் பிசாசு வந்து கதவைத் தட்டுவான். அந்த விலாசத்தை நமக்கு அவங்களே எழுதிக் குடுக்கறாங்க" என்றார். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை ஆள் வாரியாக அடுக்கினோம். மெக்கானிக்கின் சீட்டுகள் எழுபதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி. என் தங்கை என்னோடு பேச வேண்டும்.

இப்படி உருவானதுதான் பயிற்சி எண் பதினாறு. நான் அதை மூன்று நாள் எழுதினேன். ரசித்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பிரதியில் தங்கை அழுதாள், அது நாடகம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். வார்த்தையைக் குறைக்கக் குறைக்க உயிர் வந்தது. பாடகர் குழுவில் ஏற்கெனவே விழுந்த ஒரு பெண்மணியைக் குரல் கொடுக்க வைத்தோம்.

"அண்ணா, நான்தான். எனக்கு உன்மேல கோபம் இல்லை. சனிக்கிழமை காலைல பஸ்ல வர்றேன். ஸ்டாண்டுக்கு வருவியா?"

எதிர்முனையில் மெக்கானிக், சாப்பிட்டியா என்று கேட்டார். என் வசனத்தில் அதற்குப் பதில் இல்லை. பெண்மணி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் மெக்கானிக் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துப் புதுத் தலையணை வாங்கிப் போட்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மேலாளரும் நானும் எதிர் டீக்கடையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு பஸ் வந்ததும் அவர் இரண்டு வாசலையும் ஒரே சமயத்தில் பார்க்க முயன்று இங்கும் அங்கும் ஓடினார். இறங்குகிற பெண்களின் பைகளை வாங்கக் கை நீட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். மதியம் ஒரு மணிக்கு நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னோம். சகோதரரே, ஒரு பயிற்சியில் விழுந்துவிட்டீர்கள் என்று மேலாளர் முறைப்படி அறிவித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்போது ஒரு பஸ் உள்ளே வந்தது.

"இந்த ஒண்ணை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன் ஐயா" என்றார்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. தப்பு தன்னுடையது என்று நம்பினார். வகுப்புக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். உறவுக் குரல்களை இனம் காண்பது எப்படி என்று மேலாளர் பாடம் எடுத்தார். நெடுநாள் பேசாத உறவு திடீரென்று கூப்பிட்டால் வஞ்சகம். வா என்று கூப்பிட்டால் பெரிய வஞ்சகம். உடனே வா என்றால் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிட வேண்டும். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிஜமாவே அவ கூப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும் ஐயா?"

"நிஜமா இருந்தா தேவன் தெரியப்படுத்துவார். தெரியலைன்னா அது நிஜம் இல்லை" என்றார் மேலாளர்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம் வந்து, இன்னும் ஒரு தடவை விழுந்தால் திருவிருந்து போய்விடும், எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று மெதுவாகக் கேட்டார். பண்ணுகிறேன் என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மேஜையில் அவருடைய படிவம் இருந்தது. திங்கட்கிழமை மாலையே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கட்டம் கட்டமாக ஒழுங்காக நிரப்பியிருந்தார். சோதனை வந்த விதம்: தொலைபேசி. நேரம்: முற்பகல் பதினொன்று, லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது. யாருடைய குரல்: தங்கை. கோரிக்கை: ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நீங்கள் செய்தது: துண்டித்தேன். குறிப்பு என்ற இடத்தில், இந்தத் தடவை பேசியவர் சரியில்லை, குரல் கரகரவென்று இருந்தது, என் தங்கைக்கு அப்படி இருக்காது என்று எழுதியிருந்தார்.

நான் அந்த மாதம் அவருக்கு எதுவும் எழுதவில்லை. எல்லாப் பயிற்சியும் என் கையால்தான் போகும். படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மேலிடத்திலிருந்து நமக்குச் சொல்லாமலே திடீர்ச் சோதனை வந்திருக்கலாம் என்றார். இல்லாவிட்டால் பிசாசே நேரடியாக அனுப்பியிருக்கலாம், அப்படியானால் நம் பயிற்சிக்கு அது பெரிய வெற்றி. மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லி அவர் போயி, அது சோதனையா இருந்துதுன்னா? அவரைத் தள்ளிவிட்டது நாமன்னு ஆயிடும். வியாழக்கிழமை குழு கூடட்டும்" என்றார்.

அந்த வாரம் மெக்கானிக் வேலை பார்த்த கட்டடம் என் அச்சகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. எழுத்தருக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்று விதிமுறையில் இருந்தது. அந்த விதியை எழுதினவனும் நான்தான், வேலை குறைவாக இருக்கட்டும் என்று.

புதன்கிழமை காலை இரண்டாவது படிவம் வந்தது. அழைப்பு செவ்வாய் மதியம். யாருடைய குரல்: ஓர் ஆண், தங்கையின் கணவர் என்றார். கோரிக்கை: ஆஸ்பத்திரிக்கு வரவும். நீங்கள் செய்தது: முழுதாகக் கேட்காமல் துண்டித்தேன். குறிப்பில் ஊர், ஆஸ்பத்திரி, வார்டு எண் எல்லாம் சொன்னார்கள், மிகவும் நுணுக்கமாகத் தயாரித்திருக்கிறீர்கள் என்று எங்களைப் பாராட்டியிருந்தார். கடைசியில் வேறு ஏதேனும் என்ற கட்டத்தில், மனது சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இது எந்த வகைச் சோதனை என்று தெரியப்படுத்தவும் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டும் நான் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் குழு கூடியது. பட்டியலில் இல்லாத சோதனைக்கு மதிப்பெண் உண்டா என்பதில் ஒரு மணி நேரம் போனது. அழைப்பு வந்த எண்ணுக்கு நாமே ஒரு போன் செய்து பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். வலையை நாமே போய்த் தொட்டுப் பார்ப்பதா என்று மூப்பர் ஒருவர் அதட்டினார். மூலையில் இருந்த ஒரு சகோதரி மட்டும், ஒருவேளை அது நிஜமாகவே அவர் தங்கையாக இருந்தால் என்று இழுத்தார். தலைமைப் போதகர் கண்ணை மூடித் திறந்தார்.

"நிஜமாவே இருக்கட்டும். உண்மையையே எதிர்த்து நின்னவரைப் பொய் என்ன பண்ணிட முடியும்? இப்படி ஒரு விசுவாசியை இந்தச் சபை பார்த்ததில்லை."

எல்லோரும் ஆமென் என்றார்கள். இரண்டு படிவத்துக்கும் பத்துக்குப் பத்து என்றும், வரும் ஞாயிறு அவர் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்றும் தீர்மானம் ஆனது. நான் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நானும் ஒரு பிஸ்கட் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவழியாக நான் மெக்கானிக்கிடம் போனேன். அவர் கூண்டின் மேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும், அந்த இரண்டு போனும் நாங்கள் செய்ததில்லை என்றேன். வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"நீங்க அனுப்பலையா?"

"இல்லை."

"அப்ப அது அவ குரலா?"

லிஃப்ட் ஓடாது என்று ஒரு பலகையை வாசலில் மாட்டிவிட்டு, காவலாளியிடம் சொல்லிவிட்டு, வேலை உடுப்போடு அப்படியே கிளம்பினார். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் நாலு மணி நேரம். வழியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். வார்டு ஒன்பது, கட்டில் நாலு என்றார். முழுதாகக் கேட்கவில்லை என்று படிவத்தில் எழுதியவருக்கு அது மனப்பாடமாக இருந்தது.

நாலாம் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது. புதன்கிழமை இரவு முடிந்துவிட்டதாம். வியாழன் மதியம் மூன்று மணிக்கு அடக்கம். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. நர்ஸ் ஒரு சீட்டில் வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்தார்.

மாடியில் சின்ன வீடு. கதவு திறந்தேதான் இருந்தது. தங்கையின் கணவர் தரையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் யார் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது, அவள் ஜாடை முகத்தில் இருந்தது. எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். தொண்டையில் கட்டி, அதற்காகக் குழாய் வைத்தார்கள், எடுத்த பிறகு குரலே மாறிவிட்டது, அந்தக் குரலில் பேச வெட்கப்பட்டுக்கொண்டு நாளைத் தள்ளினாள் என்றார். இந்தத் திங்கட்கிழமைதான் துணிந்தாளாம். அப்புறம் அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவ வருத்தப்படவே இல்லை மச்சான். அண்ணன் லிஃப்ட் மேல நிக்கறப்போ சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்னா. அவன் கட் பண்ண மாட்டான், அதுவாக் கட் ஆயிருக்கும், வெளியில வந்ததும் கூப்பிடுவான்னு சொல்லிப் போனைக் கையிலயே வச்சிருந்தா. நர்ஸ் வாங்கி வைக்கப் பார்த்தப்பக்கூடக் குடுக்கலை."

அந்த வீட்டில் மதிப்பெண் போட யாரும் இல்லை. மெக்கானிக் தலையை ஆட்டினால் போதும். ஆமாம், சிக்னல் இல்லை என்று ஒரு வார்த்தை. உயிரோடு இருப்பவருக்கும் ஆறுதல், போனவளுக்கும் குறைவில்லை. தலையாட்டிவிடு என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் ஜெபம் செய்ததில்லை. அதுவும் ஒரு பொய்க்காக.

"சிக்னல் இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் அவர். ஆறு வருஷத்தில் அந்த உறவைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நல்லாக் கேட்டுச்சு. நான்தான் கட் பண்ணேன். உங்க போனையும் நான்தான் கட் பண்ணேன்."

மாப்பிள்ளை பிடித்திருந்த கையை விட்டார். ஏன் என்று கேட்டார். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டதாக இவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதார். ஐம்பது வயது மனிதர், கிரீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு. என்னால் பார்க்க முடியவில்லை.

"தங்கச்சி பேரைச் சொல்லி உங்களை யாரு மச்சான் அப்படி ஏமாத்துவாங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை. கேட்டுவிட்டுத்தான் வாசலில் நின்ற என்னைக் கவனித்தார். "இவர் யாரு?"

மெக்கானிக் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டுப் பார்த்தார். இருபது வருஷமாக வசனம் எழுதியவனுக்கு அந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எனக்காக அவரே பதில் சொன்னார்.

"தெரிஞ்சவர். துணைக்கு வந்தார்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு தூரம் கூட வந்தீர்களே என்று சொல்லி, உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்கார்ந்தேன்.